எல்லோருக்கும் ஒரே பெயர் இருந்த போன்

என் தங்கை ஜெயிக்க வழியில்லாத இடத்தில் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு தேறியவர்களுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டியிருந்த ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அவள் வேலை வாங்கினாள். ஊழியர்களின் விளையாட்டு நாளில் தன்னைவிட இளையவர்களோடு ஓடி இரண்டாவதாக வந்து ஒரு பிளாஸ்க் வாங்கினாள். அது இன்னமும் சூடு தாங்குகிறது. கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்து நர்ஸ் ஆக்கினாள். வந்த நாளிலிருந்து குறை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த மாமியாரைக் கடைசிக் காலத்தில், “அவ வரட்டும், அவளைக் கேட்டுக்கலாம்” என்று சொல்லவைத்தாள். சலவை மெஷினுக்குப் பக்கத்தில் ஈரத்தில் நின்றவள், அந்த ஆஸ்பத்திரியின் லினன் ரூமுக்கே பொறுப்பாளர் ஆனாள். கடைசியாக ஒரு போனை ஜெயித்தாள். முதலில் சொன்ன எல்லாவற்றையும்விட அதில்தான் அவள் அதிகம் களைத்துப்போனாள். அதனால் அதைத்தான் எழுதுகிறேன்.

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். தலை முக்கால்வாசி நரைத்த பிறகும் சின்னவள்தான். நான் பெரியவள். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். தெருவைப் பார்த்த அறை எனக்கு, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அறை அவளுக்கு. நான் எட்டாவது முடித்தேன். அவள் இரண்டாம் வகுப்போடு நின்றாள். கரும்பலகையில் இருப்பது தெரியவில்லை என்று சொல்லத் தெரியாத வயது அவளுக்கு. மண்டு என்று வாத்தியார் பின்வரிசைக்கு அனுப்பினார். பின்வரிசையிலிருந்து பார்த்தால் கரும்பலகையே தெரியவில்லை. அவளுடைய கண்ணில்தான் கோளாறு என்று ஒருவர் கண்டுபிடித்துக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

எழுத்து தெரியாதே தவிர எண் தெரியும். லினன் ரூமுக்கு எண் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். தரையிலிருந்து கூரை வரை அலமாரிகள். பெட்ஷீட், தலையணை உறை, நோயாளிகளின் சட்டை, ஆபரேஷன் தியேட்டர் துணி என்று தனித்தனித் தட்டுகள். பாய்லரின் சூடு சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். எந்த வார்டுக்கு எது வேண்டுமென்றாலும் அந்த வார்டு நர்ஸ் போன் செய்வார். சின்னவள் கேட்டுக்கொண்டு தட்டிலிருந்து எடுத்துத் தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்புவாள். சம்பளப் பதிவேட்டில் கைநாட்டு. “உங்க அக்கவுண்ட்ல விழற சம்பளத்தைவிட உங்க விரல்ல இருக்கற மை அதிகம்” என்று அக்கவுண்ட்ஸ் பிரிவில் கிண்டல் செய்வார்கள். இவளும், “மை போயிடும், சம்பளமும் போயிடும், மிச்சம் இருக்கறது விரல்தான்” என்று சொல்லிவிட்டு வருவாள்.

அவளுடைய பழைய போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தள்ளுவண்டியின் கைப்பிடிக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒருநாள் மாட்டி, வலது மேல்மூலையிலிருந்து இடது கீழ்மூலை வரை கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. நடுவில் அந்த விரிசல் மூன்றாகப் பிரியும். மாற்றிவிடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் மாற்றவில்லை. பிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. விரிசல் பிரிகிற இடத்தில் மகளின் படம் இருந்தது. மேல் கிளை முடிகிற இடத்தில் நான். கீழ்க்கிளையின் ஓரத்தில் பாய்லர் மெக்கானிக். மூக்குக்கண்ணாடியை மறந்துபோய் வந்த நாளிலும் விரிசலை விரலால் தடவிக்கொண்டே போய்ச் சரியான ஆளைக் கூப்பிட்டுவிடுவாள்.

படம் என்றால் முகம் இல்லை. பாய்லர் மெக்கானிக்குக்கு அவருடைய மீசை மட்டும். குழந்தைகள் வார்டு நர்ஸுக்கு அவரது மேஜையில் இருக்கும் பச்சைத் தண்ணீர் பாட்டில். என் படமாக என் செருப்பை வைத்திருந்தாள்.

“ஏன்டி, என் மூஞ்சி அவ்வளவு மோசமா?” என்று கேட்டேன்.

“மூஞ்சி மாறிக்கிட்டே இருக்குக்கா. செருப்பைத்தான் நீ மாத்தவே மாட்டேங்கற.”

இந்தப் போன் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடியிருக்கும், அவளும் அதோடு ஓய்வு பெற்றிருப்பாள். ஆனால் ஜூலை கடைசியில் நிர்வாக அதிகாரி எல்லாப் பிரிவுப் பொறுப்பாளர்களையும் கூப்பிட்டார். இனிமேல் வார்டுகள் போனில் பேசித் துணி கேட்காது, ஓர் ஆப் வழியாகத்தான் கேட்கும். ஆகஸ்டில் பழகிக்கொள்ள வேண்டும். செப்டம்பர் முதல் அதில்தான் எல்லாம். ஆப் ஏறாத போன் வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். முடியாதவர்கள் சொல்லிவிட்டால் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று, கோபமில்லாமல்தான் சொன்னார்.

பொறுப்பு போனால் சின்னவள் எங்கே போவாள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். மறுபடி மெஷின் தரைக்கு. நாள் முழுக்க ஈரத்தில் நிற்கும் வேலை. அவளுடைய முழங்காலுக்குக் கீழே நரம்புகள் கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்கு வந்ததும் கால்களைச் சுவரில் சாய்த்துவைத்துப் படுத்த பிறகுதான் பேசவே ஆரம்பிப்பாள். பொறுப்பாளர் ஆன பிறகு அவளுக்குக் கிடைத்த பெரிய லாபம் ஒரு நாற்காலி.

அவளுக்கு உதவியாளராக இருக்கும் பெண்ணைப் பட்டதாரி என்று கூப்பிடுவார்கள். நல்ல பெண். “நான் படிச்சுச் சொல்றேன்கா, நீங்க எடுத்து அனுப்புங்க” என்றாளாம்.

“நீ லீவு போடற அன்னைக்கு நோயாளிங்க துணியில்லாமலா படுத்திருப்பாங்க?” என்று இவள் கேட்டிருக்கிறாள்.

அந்த ஆப்பை ஏற்றிப் பார்த்தார்கள். பழைய போன் ஏற்கவில்லை. போனுக்கு வயதாகிவிட்டது என்று அதிலேயே எழுதி வந்ததாம். பட்டதாரி படித்துச் சொன்னதும், “அதுக்குமா தெரிஞ்சுபோச்சு” என்றாளாம் சின்னவள்.

மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். செய்தி கேட்டதும் தன் போனையே துடைத்துப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டாள். அவள் ஒரு வருடம் பயன்படுத்தியது, விலை கூடியது, ஆனால் வேறு ஜாதிப் போன். பழையதில் கீழே பித்தான் இருக்கும். இதில் பித்தானே கிடையாது. பழையதில் பின்னால் போக ஓர் அம்புக்குறி இருக்கும். இதில் ஓரத்திலிருந்து இழுக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

“சோப்புக்கட்டி மாதிரி இருக்கு” என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “நல்ல போனுதான். மருமகன்கூட இதைத்தான் வச்சிருக்காராம். ஆனா நான் எங்கே தொடறது?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு போன்களையும் எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் இருக்கும் போன் கடைக்கு நாங்கள் போனோம். பழையதில் இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்ற வேண்டும். “அப்படியே வந்துடும்மா” என்றார் கடைக்காரர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏதோ அழுத்தினார். எங்களை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு வேறு ஆட்களைக் கவனித்தார். சின்னவள் அந்த இரண்டு போன்களையும் ஆபரேஷன் நடக்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் கடைக்காரர் புதுப் போனில் நம்பர்களைத் திறந்தார். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

“என்னம்மா இது? உங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஒரே பேரா?”

நான் எட்டிப் பார்த்தேன். படங்கள் ஒன்றுகூட வரவில்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே ஓர் எழுத்து, வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஏறக்குறைய நாற்பது தடவை.

நடந்தது இதுதான். பெயர் போடாமல் படத்தை மட்டும் சேமிக்க அந்தப் பழைய போன் விடாது. ஆகவே ஒவ்வொரு ஆளுக்கும் படம் எடுத்த பிறகு, எழுத்துப் பலகையின் மூலையில் இருந்த எழுத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு வந்திருக்கிறாள். மகளுக்கும் அதே எழுத்து. எனக்கும், மீசைக்கும், பச்சைப் பாட்டிலுக்கும், லாரி டிரைவருக்கும் அதே எழுத்து. படம் மேலே இருந்ததால் கீழே இருந்த எழுத்தை யாரும் கவனித்ததில்லை. நானும்தான்.

“எங்க குடும்பத்துல எல்லாரும் ஒண்ணுதான் தம்பி” என்றாள் சின்னவள். கடைக்காரர் சிரித்துவிட்டார். ஆனால் அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்து முடிக்கவே இல்லை.

கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இன்னொரு பெட்டியை எடுத்து வந்தார். பழைய போனின் அதே கம்பெனி, புதிய மாடல். “இதுக்கு மாத்தினீங்கன்னா படம் எல்லாம் இருந்த எடத்துல இருந்தபடியே வந்துடும்மா. பழசையும் எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கறேன். மகள் போனைத் திருப்பி அனுப்பிடுங்க. உங்களுக்கு இதுதான் சரி.” கடையில் பார்ப்பதற்காக வைத்திருந்ததைக் கையில் கொடுத்தார். அவள் கட்டைவிரல் தானாகவே கீழே போய்ப் பித்தானைத் தொட்டது. அம்புக்குறி இருந்த இடத்தில் அம்புக்குறி. அவள் முகம் கொஞ்சம் தளர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கும் நிம்மதிதான். வாங்கிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“தம்பி, இதுல அந்த ஆஸ்பத்திரி ஆப் எப்படித் தெரியும்?”

அவர் தன் போனில் அந்த மாதிரி ஓர் ஆப்பைக் காட்டினார். வரிசையாக எழுத்து, பக்கத்தில் எண்.

“படம் எதுவும் வராதா?”

“வராதும்மா. அது எந்தப் போன்ல போட்டாலும் ஒண்ணுதான்.”

“நானே படம் வச்சுக்க முடியாதா?”

“அது அவங்க செஞ்சு குடுத்தது. நம்ம கை வைக்க முடியாது.”

அவள் அந்தப் போனைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு பெட்டியின்மேல் மெதுவாக வைத்தாள். “அப்ப இதை வாங்கி என்ன பண்றது? ஆளைக் கூப்பிட எனக்கு வழி தெரியும், ஆப்புல தெரியாது. இதுக்கு எதுக்கு இன்னொரு போன்” என்றாள். பழையதையும் கொடுக்கவில்லை. இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தோம்.

ஆகஸ்ட் முதல் வாரம் மோசமாக இருந்தது. மகளின் போனில் ஆப் ஏறிவிட்டது. எழுத்தைப் படித்துக்காட்டும் வசதி அந்த ஆப்பில் வேலை செய்யவில்லை. பட்டதாரி தேநீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில் சட்டை கேட்டு ஒரு கோரிக்கை வந்தது; அந்த ஒரு சொல்லைப் பட்டதாரி முன்பே காட்டியிருந்தாள். பட்டதாரியை எதிர்பார்க்கக் கூடாது என்று இவளுக்கு ஒரு வீம்பு. வார்டின் பெயர் எவ்வளவு நீளம் என்பதை வைத்து மட்டும் குழந்தைகள் வார்டு என்று முடிவுசெய்து வண்டியில் ஏற்றிவிட்டாள்; வண்டி தள்ளுபவர் தன் போனில் வந்த வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அரைமணியில் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டிலிருந்து நர்ஸ் நேரிலேயே இறங்கி வந்துவிட்டார்.

“அக்கா, என்ன அனுப்பியிருக்கீங்கன்னு தெரியுமா?”

“சட்டை கேட்டிருந்தீங்க, சட்டை அனுப்பினேன்.”

“முயல் போட்ட சட்டைக்கா. குழந்தைங்களோடது. ஒரு பெரியவர் போட்டே தீருவேன்னு தலையை நுழைச்சு மாட்டிக்கிட்டார். இப்ப கழட்டவும் முடியல, விடவும் முடியல.”

லினன் ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாளாம். நிர்வாக அதிகாரி சிரிக்கவில்லை. மாதத்தின் நான்காவது வாரம் வரை பார்ப்போம், அதற்குள் சரிவரவில்லை என்றால் பட்டதாரியின் பெயரைப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து காலைச் சுவரில் சாய்த்துப் படுத்தாள். நான் தேநீர் கொண்டுவந்து வைத்தேன்.

“அவளுக்கே குடுத்துடலாம்கா” என்றாள்.

“யாருக்கு?”

“பட்டதாரிக்கு. நல்ல பொண்ணு. படிச்சிருக்கா.”

“நீ மெஷின் தரைக்குப் போவியா? அந்தக் காலோட?”

“காலு வலிக்கும். இப்ப எல்லாமே வலிக்குதே.” முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். “ஒவ்வொண்ணா கத்துக்கிட்டு வந்தேன். பழைய மெஷின் போச்சு, புது மெஷின் வந்துச்சு. கத்துக்கிட்டேன். போன் வந்துச்சு, கத்துக்கிட்டேன். கத்துக்கிட்டு முடிச்ச உடனே அதை எடுத்துட்டு வேற ஒண்ணைக் குடுக்கறாங்க. எனக்குப் போதும்கா.”

எல்லாருடைய பெயரையும் நானே போனில் எழுதித் தருகிறேன் என்றேன். “நீ எழுதினா அது உன் போனு. உன்னையும் லினன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போகணும்” என்றாள்.

அப்போது புதுப் போன் அடித்தது. போனின் திரையில் அந்த ஒற்றை எழுத்து. யார் என்று தெரியாமல், “யாரு?” என்றே எடுத்தாள்.

“என்னம்மா, என்னையே யாருன்னு கேக்கற?” என்றது மகளின் குரல்.

சின்னவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பெற்ற பெண்ணை யாரென்று கேட்டுவிட்டோமே என்பது, முயல் சட்டையைவிட அவளை அதிகம் தைத்தது. இதை அவள் பிறகு என்னிடம் சொன்னாள். மகளிடம் அதைச் சொல்லவில்லை. “உன் பேரை இதுல எப்படிப் போடறது? அதைச் சொல்லு முதல்ல” என்று மட்டும் கேட்டாள்.

“எழுத்துப் பலகையில ஒரு மைக் படம் இருக்கும் பாரு. அதை அழுத்திட்டு என் பேரைச் சொல்லு. அதுவே எழுதிக்கும்.”

சொன்னாள். எழுதிக்கொண்டது. சின்னவள் கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிக்கொண்டு அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்தாள். பெற்று, பெயர் வைத்து, வாய் ஓயாமல் கூப்பிட்ட பெயர். அது எப்படி இருக்கும் என்று முதல்முறையாகப் பார்க்கிறாள். “சின்னதாதான் இருக்கு” என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நம்பராக முடித்தாள். சிம்மை மாற்றியதும் பழைய போனில் நம்பர்களும் படங்களும் காணாமல் போயிருந்தன; ஆள் யார் என்று தெரிய ஒரே வழிதான். அந்த எழுத்து வரிசையில் ஒன்றை அழுத்திக் கூப்பிடுவாள். எடுப்பவரின் குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொள்வாள். “சும்மாதான், நல்லா இருக்கீங்களா?” என்பாள். வைத்துவிட்டு, மைக்கை அழுத்திப் பெயரைச் சொல்வாள். பாய்லர் மெக்கானிக், “இத்தனை வருஷத்துல நீங்க சும்மா கூப்பிட்டதே இல்லையே, பாய்லர் வெடிச்சுடுச்சா?” என்று ஓடியே வந்துவிட்டாராம்.

ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி செய்தாள். பழைய போனில் சிம் இல்லை, ஆனால் கேமரா இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் வார்டுக் கதவுகளில் இருந்த பலகைகளையும், அலமாரித் தட்டுகளில் ஒட்டியிருந்த துணிப் பெயர்களையும் படம் எடுத்தாள். அந்தக் கதவுகளைத் தள்ளுவண்டியால் இடித்துத் திறந்தே பாதி வயது போயிருக்கிறது. மேலே ஒரு பலகை இருப்பதை அவள் பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை. மதிய இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையில் பழைய போனில் கதவுப் பலகை, வலது கையில் புதுப் போனில் ஆப் என்று வைத்துக்கொண்டு, இதுவும் அதுவும் ஒன்றா என்று பார்ப்பாள். அப்புறம் அந்தப் பலகையைப் பெரிதாக்கி, விரிசல் விழுந்த கண்ணாடியின்மேல் கட்டைவிரலை வைத்து எழுத்தின் வளைவோடு போய்வருவாள். சில நாள் அப்படியே தூங்கிவிடுவாளாம். பட்டதாரி போனைக் கையிலிருந்து எடுத்து அலமாரியில் வைப்பாளாம்.

இதில் அவளுக்குச் சந்தோஷம் ஒன்றும் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். கண் எரிகிறது என்பாள். தலை வலிக்கிறது என்பாள். தெரிந்த எழுத்து இன்னொரு சொல்லில் வந்தால், “நீ இங்கேயும் வந்துட்டியா” என்று அலுத்துக்கொள்வாள். ஒருநாள் ஆப்பின் உச்சியில், பொறுப்பாளர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்தது என்ன என்று என்னிடம் காட்டினாள். அது அவளுடைய பெயர். படித்துச் சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இரு. முதல் எழுத்து மீசைகிட்ட இருக்கு. இது என் பொண்ணோடது. கடைசி, உன்னோடது.” விரலை அதன்மேல் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். “எல்லாம் ஏற்கெனவே பார்த்ததுதான். உன்னோடதுதான்கா ரொம்ப வளையுது. ரெண்டு எடத்துல மூச்சு வாங்க வேண்டியிருக்கு.”

நான்காவது வாரம் நிர்வாக அதிகாரி லினன் ரூமுக்கு வந்தார். காலையிலிருந்து மதியம்வரை வந்த கோரிக்கைகளைப் பக்கத்தில் நின்று பார்த்தார். பட்டதாரி வேண்டுமென்றே இஸ்திரி மேஜைப் பக்கம் போய்விட்டாள். சின்னவள் ஒவ்வொன்றையும் மெதுவாகத்தான் பார்த்தாள். சிலவற்றுக்குப் பழைய போனை எடுத்து ஒப்பிட்டாள். வண்டிகள் சரியான கதவுகளுக்குப் போயின. முயல் சட்டை குழந்தைகள் வார்டுக்கே போனது.

“கொஞ்சம் நேரம் ஆகுது” என்றார்.

“ஆகும் சார்” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, ஆப்பில் பொறுப்பாளரின் பக்கத்தைத் திறந்தார். பொறுப்பை ஏற்பதாக அங்கே ஒரு வெள்ளைக் கட்டத்தில் விரலால் கையெழுத்துப் போட வேண்டும். பழக்கத்தில் அவர் மேஜையில் மைப்பெட்டியைத் தேடினார். பிறகு, “ஒரு கோடு இழுத்தாலும் ஏத்துக்கும்மா. எதையாவது போடுங்க” என்றார்.

சின்னவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். ஆள்காட்டி விரல் அவளுக்குப் பழக்கமில்லை. அத்தனை வருடமாகக் கைநாட்டு வைத்த அதே கட்டைவிரலைக் கட்டத்தில் வைத்து, மீசையின் எழுத்தில் தொடங்கினாள். என் எழுத்துக்கு வந்ததும் நடுவில் இருமுறை நிறுத்தினாள். இதையெல்லாம் இஸ்திரி மேஜையிலிருந்து எட்டிப் பார்த்த பட்டதாரிதான் எனக்குச் சொன்னாள். அதிகாரி காத்திருந்தாராம்.

“முடிஞ்சுதா சார்? உக்காரலாமா?” என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அன்று மாலை காலைச் சுவரில் சாய்த்துப் படுத்தபடியே போனை என்னிடம் நீட்டினாள். வெள்ளைக் கட்டத்தில் அவள் பெயர், ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்து. அதன் கீழே போனே போட்டிருந்த தேதி: 22 ஆகஸ்ட் 2024, வியாழக்கிழமை.